காதுக்குத் துணையாக ஒரு சூட்டுமானி

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை ஜெனரேட்டர் திருத்தும் பாஸ்மாருக்கும், கராஜ்களில் கைபழகும் தம்பிமாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள காக்காமார், தம்பிமார் அனைவருக்கும்,



கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கும் காலத்தில் நம் கராஜ் வாசல்களில் ஜெனரேட்டர்கள் வரிசையாக வந்து நிற்கும். எட்டு மாதம் கடையின் பின்னறையில் தூசு பிடித்துக் கிடந்ததை மழை தொடங்கியதும் தூக்கிக்கொண்டு வருவார்கள். "பாஸ், இழுத்தா ஸ்டார்ட் ஆகுதில்ல", "லோட் போட்டா அமுங்குது", "பெற்றோல் குடிக்குது" என்று மூன்றே மூன்று முறைப்பாடுகள்தான் இருக்கும். அந்த நெருக்கடி தொடங்குவதற்கு முன்பே ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஜெனரேட்டரின் பெற்றோல், காற்றுக் கலவையை இனிமேல் லோட் கொடுத்து, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டை அளந்து சரிசெய்யுங்கள். லோட் இல்லாமல், காதால் மட்டும் கேட்டுச் சரிசெய்து கையளிக்கும் வழக்கத்தை நாம் எல்லோரும் சேர்ந்து விடுவோம். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன், எப்படிச் செய்யலாம் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாயானது. அடுத்த நாள் இரவே, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூஆர் முறை வந்தது, வாரத்துக்கு இத்தனை லீட்டர் என்ற அளவு வந்தது. ஐஸ்கட்டி இல்லாமல் மீன் கெட்டதும், பேக்கரி மாவு புளித்ததும், தையற்கடைகளில் பெருநாள் உடுப்புகள் தேங்கியதும் நம் கண் முன்னால் நடந்தவை. அப்போது போத்தல் கணக்கில் பெற்றோல் சேர்த்து ஜெனரேட்டர் ஓட்டியவர்களுக்கு ஒவ்வொரு சொட்டும் கணக்கு. நாம் திருத்திக் கொடுத்த எஞ்சின் அந்தச் சொட்டை எப்படிச் செலவழித்தது என்று நாம் அளந்து பார்த்தோமா?

அந்தக் காலம் போய்விட்டதே என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 9ஆம் திகதி முழு நாடும் இருண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் மறுபடியும் நாடு முழுவதும் கரண்ட் போனது. நம் கரையோரத்துக்கு இவை போதாதென்று வாடைக்கால வெள்ளமும் புயலும் இருக்கின்றன. ஜெனரேட்டர் நமக்கு ஆடம்பரமல்ல. அதைத் திருத்துகிற கைகள் மீது ஊரின் பாதிப் பொருளாதாரம் சாய்ந்திருக்கும் நாட்கள் திரும்பவும் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு லீட்டர் பெற்றோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 9,000 லீட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் சொன்னால் ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று. அந்த ஒரு லீட்டருக்குள் ஒன்பது அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி அடங்கியிருக்கிறது. ஆனால் நம் சிறிய ஜெனரேட்டர்கள் அதிலிருந்து ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு அலகைத்தான் பிளக் பொயிண்டுக்குக் கொண்டு வருகின்றன. மற்றதெல்லாம் ஹெட்டின் செதிள்கள் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. எரிப்பு எப்படி நடந்தது என்பதற்கான சாட்சி அந்த வெளியேறும் சூட்டில்தான் இருக்கிறது.

அந்தச் சாட்சி பேசும் முறை விசித்திரமானது. கலவை சரியான அளவை ஒட்டி இருக்கும்போதுதான் புகைச் சூடு உச்சத்தில் நிற்கும். பெற்றோல் கூடினால் சூடு இறங்கும். கூடுதலான பெற்றோல் முழுதாக எரியாமல், ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போவதே காரணம். காற்றுக் கூடினாலும் சூடு இறங்கும். தேவையில்லாத காற்று உள்ளே வந்து, தானும் சூடாகி, சூட்டைப் பங்குபோட்டுக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே மீட்டரில் 640 பாகை செல்சியஸ் என்று தெரிந்தால், அது பெற்றோல் கூடிய 640ஆ, காற்றுக் கூடிய 640ஆ என்று அந்த எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. முன்னது பெற்றோலை வீணாக்கி, பிளக்கில் கரி படிய வைக்கும். பின்னது எக்ஸோஸ்ட் வால்வைக் கருக்கி, பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். ஒரே எண்ணுக்குள் இந்த இரண்டு நோய்களும் மறைந்திருக்கலாம்.

அதனால் "எத்தனை பாகை இருக்க வேண்டும், பாஸ்?" என்ற கேள்வியைவிட "உச்சம் எங்கே இருக்கிறது, நாம் அதற்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறோம்?" என்ற கேள்விதான் முக்கியம். இந்த மடலில் ஒரேயொரு வரியைத்தான் ஞாபகத்தில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்.

"முப்பது வருஷமாகக் காதால்தானே செய்கிறோம்" என்று காக்காமார் கேட்பது நியாயம். உங்கள் காதுக்கு நான் மரியாதை குறைக்கவில்லை. பிளக் அடிக்காமல் விடுவதை, வால்வு தட்டுவதை, பெயரிங் தேய்ந்ததைக் கண்டுபிடிக்க உங்கள் காதைப் போல் ஒரு கருவி இல்லை. ஆனால் ஜெனரேட்டரில் காதை ஏமாற்றும் ஒரு பொருள் உண்டு. அதுதான் கவர்னர். மோட்டார் சைக்கிளில் கலவை கெட்டால் இழுவை குறைவதை உடம்பே உணரும். ஜெனரேட்டரில் இழுவை குறைந்ததும் கவர்னர் திரொட்டிலை இன்னும் கொஞ்சம் திறந்து, சுற்று குறையாமல் பார்த்துக்கொள்ளும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓட வேண்டும். கலவை கெட்டாலும் அதே 3,000தான் ஓடும், சத்தமும் ஏறக்குறைய அதேதான். குறையை எஞ்சின் வெளியே சொல்வதற்கு முன்பே கவர்னர் அதை மூடிவிடுகிறது. வாடிக்கையாளரின் பெற்றோல் மட்டும் கரைகிறது.

இன்னொன்று, லோட் இல்லாமல் ஓடும் எஞ்சினுக்குப் பெற்றோல் பெரும்பாலும் பைலட் ஜெட் வழியாகவே வருகிறது. லோட் ஏறினால் மெயின் ஜெட் பொறுப்பெடுத்துக்கொள்ளும். காபரேட்டரின் பக்கத்திலுள்ள ஸ்குரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, சத்தம் சீராகிவிட்டது என்று கொடுத்தனுப்பினால், கடைக்காரர் பிரிட்ஜையும் விளக்குகளையும் போடுகிற அந்த நேரத்தின் கலவையை நாம் தொடவே இல்லை.

கல்முனை பஸாரில் ஒரு தடவை சுற்றி வாருங்கள். கடை வாசலில் ஓடும் ஜெனரேட்டர்களில் எத்தனையில் சோக் பாதி இழுத்தபடி நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றில் அந்தச் சோக் நெம்புகோலைத் துணிக்கடை நூலால் காபரேட்டரோடு கட்டியே வைத்திருந்தார்கள். விட்டால் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. கடைக்காரத் தம்பி, "இப்படிக் கட்டினாத்தான் ஓடுது காக்கா" என்றார். அந்த எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. பழைய பெற்றோல் பிசினாகி ஜெட்டை அடைத்திருக்கலாம், அல்லது காபரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் வழியாகக் களவாகக் காற்று நுழைந்திருக்கலாம். நூலைக் கட்டி எஞ்சினின் வாயை அடைத்துவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். காபரேட்டரைக் கழுவிக் கேஸ்கெட் மாற்றிய பிறகும், லோட்டோடு அளந்து பார்த்தால்தான் நோய் தீர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அளக்கத் தேவையானது கே வகைத் தேர்மோகப்பிள் ஒன்றும், அதை வாசிக்கும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றும்தான். இரண்டு வேறு உலோகக் கம்பிகளைச் சேர்த்து, சேர்த்த முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1821இல் ஜெர்மனியில் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டார். கே வகையில் குரோமெல், அலுமெல் என்ற இரண்டு நிக்கல் கலப்புலோகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 41 மைக்ரோவோல்ட். ஆயிரம் பாகைக்கு மேலும் தாங்கும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களில் கவனமாக இருங்கள். முதலாவது, மல்டிமீட்டரோடு இலவசமாக வரும் மெல்லிய மணிமுனைக் கம்பியைப் புகைக் குழாய்க்குள் விடாதீர்கள். அதன் உறை பெரும்பாலும் 250 பாகைக்குத்தான், கருகிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் உறை போட்ட, இறுக்கிப் பூட்டும் நட்டோடு வரும் ப்ரோப் வேண்டும். இரண்டாவது, வயர் நிறம். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைக் கண்டதும் பிளஸ் என்று கொடுத்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற மீட்டர் இறங்கும். ஐரோப்பிய முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சந்தேகம் வந்தால் ஒரு சின்னக் காந்தத்தை வயர் நுனியில் பிடியுங்கள். காந்தம் இலேசாக இழுக்கும் கம்பிதான் அலுமெல், அதுதான் மைனஸ். மூன்றாவது, தூர நின்று சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் துப்பாக்கியை இதற்கு நம்பாதீர்கள். அது குழாயின் மேற்தோலைத்தான் அளக்கும், பளபளக்கும் உலோகத்தில் அதையும் பிழையாக அளக்கும்.

ப்ரோப் நிற்கும் இடம் முக்கியம். எக்ஸோஸ்ட் துவாரத்திலிருந்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் தூரத்தில், நுனி குழாயின் நடுவில் இருக்க வேண்டும். நம் சின்ன ஜெனரேட்டர்களில் சைலன்சர் நேரே ஹெட்டில் பூட்டியிருக்கும். அதன் கழுத்தில் துளையிட்டு ஒரு நட்டை வெல்ட் பண்ணிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் போல்ட்டால் அடைத்துவிடலாம். வாடிக்கையாளரின் சைலன்சரில் துளையிட மனமில்லாவிட்டால், அடிக்கடி வரும் மொடல்களுக்கு நட்டு வைத்த ஒரு சைலன்சரைக் கராஜிலேயே வைத்துக்கொண்டு மாற்றிப் பூட்டி அளக்கலாம். சைலன்சர் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று கலந்து கணக்குக் கெடும், அதை முதலில் பாருங்கள்.

அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றைச் செய்யாமல் எடுத்த அளவு பயனற்றது. கச்சான் காலத்துப் புழுதி ஏறிய எயார் பில்டரைச் சுத்தமாக்குங்கள். உப்புக்காற்றில் பூத்துப்போன காபரேட்டர் கிண்ணத்தையும் மிதவை ஊசியையும் பாருங்கள். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். நம்மூரில் அதிகம் ஓடும் ஹொண்டா ஜிஎக்ஸ்160 வகை எஞ்சினில் வால்வு இடைவெளி உள்ளே 0.15, வெளியே 0.20 மில்லிமீற்றர். வெளி வால்வு இறுகிப்போயிருந்தால் சரியான கலவையிலும் அது கருகும். ஸ்பார்க் பிந்தி அடித்தாலும் புகைச் சூடு ஏறும், அதைக் கலவையின் குற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புதுப் பெற்றோல் ஊற்றுங்கள்.

இப்போது லோட். அயர்ன் வேண்டாம், கேத்தல் வேண்டாம். அவை தாமாகவே அணைந்து எரிபவை, நடுவில் லோட் போய்விடும். 500 வாட் ஹலோஜன் விளக்குகள் இரண்டு மூன்று போதும். நிலையாக எரியும், எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு கிலோவாட் ஜெனரேட்டருக்கு 1,500 வாட் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகச் சூடேற விடுங்கள். ஹேர்ட்ஸ் 50ஐ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் முதலில் கவர்னரைச் சரிசெய்யுங்கள்.

மீட்டர் ஓர் எண்ணில் நிலைத்த பிறகு ஒரு சின்னச் சோதனையைச் செய்யுங்கள். சோக்கை மெதுவாக, கால்வாசிக்கும் குறைவாக மூடுங்கள். இப்போது எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுகிறது. ஒரு நிமிடம் பொறுத்து மீட்டரைப் பாருங்கள். 640 இருந்தது 660, 680 என்று ஏறினால், நீங்கள் காற்றுக் கூடிய பக்கத்தில் நிற்கிறீர்கள்; உச்சத்தை நோக்கி இப்போதுதான் ஏறுகிறீர்கள். இந்த எஞ்சினுக்கு மெயின் ஜெட் போதாது, அல்லது அடைப்போ காற்றுக் கசிவோ இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மூட ஏற்றம் நின்று இறங்கத் தொடங்கும். அந்தத் திருப்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் உச்சம். அப்படியின்றி, சோக்கைத் தொட்டவுடனேயே சூடு இறங்கினால், நீங்கள் ஏற்கெனவே உச்சத்திலோ பெற்றோல் கூடிய பக்கத்திலோ இருக்கிறீர்கள். அப்போது ஒரு நம்பர் சிறிய ஜெட்டைப் போட்டு மறுபடி அளவெடுங்கள். சூடு ஏறினால், பெற்றோல் கூடிய பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

உச்சத்தைக் கண்டதும் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். காற்றால் குளிரும் எஞ்சின்களோடு அதிக காலம் பழகியவர்கள் சிறு விமானக்காரர்கள். அவர்களுடைய எஞ்சினும் நம்முடையதைப் போலச் செதிள் வைத்த ஹெட்தான். விமானிகள் பறந்துகொண்டே கலவையைச் சரிசெய்ய இதே சூட்டுமானியைத்தான் பார்க்கிறார்கள். சிறந்த வலுவுக்கு, உச்சத்தைக் கண்டபின் பெற்றோலைக் கூட்டிப் புகைச் சூட்டை 100 பாகை பாரன்ஹைட் குறைக்கும்படி லைகோமிங் எஞ்சின் கம்பனி அவர்களுக்குச் சொல்கிறது. நம் கணக்கில் அது சுமார் 55 பாகை செல்சியஸ். உச்சத்துக்குக் கொஞ்சம் பெற்றோல் கூடிய பக்கத்தில், சுமார் 25 பாகை இறங்கிய இடத்தில்தான் ஹெட் மிக அதிகம் சூடாகும். அந்த இடத்தைத் தாண்டி நின்றால்தான் ஹெட்டுக்குப் பாதுகாப்பு. விமானம் மேலே குளிர்ந்த காற்றில் ஓடுகிறது. நம் எஞ்சினோ கச்சான் வெக்கையில், தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஆகவே உச்சத்திலிருந்து 50, 60 பாகை பெற்றோல் கூடிய பக்கமாக நிறுத்துங்கள். இன்னும் கூட்டினால் அது வீண்விரயம், இன்னும் குறைத்தால் எஞ்சினுக்கு ஆபத்து.

ஜெட்டை மாற்ற வேண்டி வந்தால் அதற்குரிய நம்பர் ஜெட்டைப் போடுங்கள். குத்தூசியாலும் உருக்குக் கம்பியாலும் ஜெட்டைக் குடைவதை நிறுத்துவோம். ஜெட் பித்தளை, ஊசி உருக்கு. 0.68 மில்லிமீற்றர் துவாரம் 0.72 ஆனால், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் துவாரத்தின் பரப்பு 12 வீதம் கூடிவிடுகிறது. ஓர் ஊசிக் குத்தில் வாடிக்கையாளரின் பெற்றோல் செலவை நாம் எந்தளவுக்கு ஏற்றிவிடலாம் என்று யோசித்துப் பாருங்கள். அடைப்பை எடுக்கக் காபரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். மிஞ்சினால் ஒற்றைச் செப்பு இழை.

கலப்பெண்ணெய் ஊற்றும் சிறிய டூ ஸ்ட்ரோக் ஜெனரேட்டர்களுக்கும் இதே முறைதான், ஆனால் அதிக எச்சரிக்கை வேண்டும். அங்கே பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. பிஸ்டன் பிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் லீட்டருக்கு 20 மில்லிலீட்டர். பாதுகாப்புக்கு என்று எண்ணெயை இரட்டிப்பாக ஊற்றுபவர்களுக்குச் சொல்லுங்கள்: ஜெட் வழியாகப் போகும் அளவு அதேதான், அதில் எண்ணெய் கூடினால் பெற்றோல் குறையும், கலவை காற்றுக் கூடிய பக்கம் சாயும்.

மண்ணெண்ணெய் பற்றியும் பேசியாக வேண்டும். 2022 ஓகஸ்ட் 21 வரை மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாய், பெற்றோல் அதைவிடப் பல மடங்கு. அன்றிரவு மண்ணெண்ணெய் 340 ரூபாயானது. அதற்கு முன் பலரும் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள், அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நம் மீனவச் சகோதரர்களின் மண்ணெண்ணெய் எஞ்சின் அதற்கென்றே குறைந்த அமுக்கத்தோடு செய்யப்பட்டது. பெற்றோல் ஜெனரேட்டரில் அதை ஊற்றினால் எரிப்பு வெடிப்பாக மாறி, தட்டத் தொடங்கும். அப்படித் தட்டும்போது சூடு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் ஏறி, புகைச் சூடு இறங்கிவிடும். மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே, எஞ்சின் குளிர்ந்து ஓடுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். இந்த இடத்தில் உங்கள் காதுதான் மீட்டரைத் திருத்த வேண்டும்.

டீசல் ஜெனரேட்டரின் கதை வேறு. அரிசி ஆலைகளிலும் ஐஸ் ஆலைகளிலும் வைத்தியசாலைகளிலும் பெரிய பள்ளிவாசல்களிலும் இருப்பவை அவைதான். டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேலான காற்றோடு ஓடுவதால் அங்கே உச்சமும் திருப்பமும் இல்லை. டீசல் கூடக் கூடச் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே பெற்றோல் எஞ்சினின் பாடத்தை அங்கே கொண்டு போகாதீர்கள். டீசலில் சூட்டுமானி இரண்டு ஆபத்துகளைக் காட்டும். அதிகமாக ஏறினால் லோட் மிஞ்சிவிட்டது, காற்று வழி அடைத்திருக்கிறது, அல்லது இன்ஜெக்டர் கெட்டுவிட்டது. நாள் முழுவதும் குறைவாகவே நின்றால் எஞ்சின் லோட் இல்லாமல் சும்மா ஓடுகிறது. எரியாத டீசல் சைலன்சர் வாயில் கறுப்பு எண்ணெயாக வடியும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் அவசர மின்சார விதி, மாதம் ஒரு முறை அரை மணித்தியாலம் குறைந்தது 30 வீத லோட்டிலோ, உற்பத்தியாளர் சொன்ன குறைந்தபட்சப் புகைச் சூட்டை எட்டும் லோட்டிலோ ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து நிமிடம் சும்மா ஸ்டார்ட் பண்ணி அணைக்கும் நம் பழக்கத்தை அந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரண்ட் போன இரவில் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டிய எஞ்சினை நாமே மெல்ல மெல்லக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு நேரம் பெற்றோல் கணக்கும் எஞ்சின் கணக்கும் பேசினேன். உயிர்க் கணக்கையும் சொல்ல வேண்டும். கலவையில் பெற்றோல் கூடக் கூட, புகையில் காபன் மொனொக்சைட்டு கூடுகிறது. சரியான கலவையில் ஒரு வீதத்தை ஒட்டி நிற்பது, பெற்றோல் மிகக் கூடினால் ஐந்து வீதத்தையும் தாண்டும். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய அறையின் காற்றில் அது ஒரு வீதம் சேர்ந்தாலே சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். மழை பெய்கிறது, களவு போய்விடும் என்று ஜெனரேட்டரைக் குசினியிலும் கடையின் பின்னறையிலும் வைத்து ஓட்டுபவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். சரியாக டியூன் செய்த எஞ்சினும் வீட்டுக்குள் கொல்லக்கூடியதுதான். 20 அடி தூரத்தில், யன்னலுக்கும் கதவுக்கும் எதிர்ப்பக்கமாகப் புகை போகும்படி வைக்கச் சொல்லுங்கள். எஞ்சினைக் கையளிக்கும்போது வாடிக்கையாளர் கேட்கும் கடைசி வார்த்தை உங்களுடையது. அந்த வார்த்தை இதுவாக இருக்கட்டும்.

சூட்டுமானிக்கும் எல்லை உண்டு. புகையிலுள்ள ஒட்சிசனை நேரே அளக்கும் சென்சார் கலவையை இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆனால் அதன் விலையும் கூட, எண்ணெய்ப் புகை பட்டால் பழுதாகியும் விடும். தேர்மோகப்பிள் எளியது, தாங்கும், பழுதானால் மாற்றலாம். ஓர் எஞ்சினின் எண்ணை இன்னோர் எஞ்சினோடு ஒப்பிட முடியாது என்பது அதன் குறை. ஆனால் அதே எஞ்சினின் போன வருட எண்ணோடு ஒப்பிடலாமே. அதற்குத்தான் என் கடைசி வேண்டுகோள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு துண்டு எழுதிக் கொடுங்கள். திகதி, லோட் எத்தனை வாட், ஹேர்ட்ஸ் எத்தனை, ஜெட் நம்பர், உச்சச் சூடு, நிறுத்திய சூடு என்று ஆறு விவரம் போதும். ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு, ஒன்று உங்கள் கொப்பிக்கு. அடுத்த வாடைக்கு அதே எஞ்சின் வரும்போது, அதே லோட்டில் சூடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்கக் கூடாது என்று நமக்குக் கற்றுத் தந்த மார்க்கம், கண்ணுக்குத் தெரியாமல் ஜெட் வழியாகப் போகும் பெற்றோலுக்கும் அதையேதான் சொல்கிறது என்று நான் நம்புகிறேன். வாடிக்கையாளருக்கு அளந்து பார்க்க வழியில்லை. நமக்கு இருக்கிறது.

தனியாக ஒரு கராஜுக்கு இந்தக் கருவிகள் பாரமாக இருந்தால், ஊருக்கு மூன்று நான்கு கராஜ்கள் சேர்ந்து ஒரு செட் வாங்குங்கள். ஹலோஜன் விளக்குகளைப் பலகையில் பூட்டி ஒரு லோட் பெட்டியும் செய்து கொள்ளுங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும், தம்பிமாருக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கவும் அவர்களிடம் போய்க் கேட்போம். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் எக்ஸோஸ்ட் வால்வு கருகிய ஒரு நிஜ எஞ்சினைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும். அந்த எஞ்சின்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன.

இந்த வாடைக்கு வரும் முதல் ஜெனரேட்டரிலேயே தொடங்குங்கள். லோட்டைக் கொடுங்கள், உச்சத்தைத் தேடுங்கள், பெற்றோல் கூடிய பக்கம் 50, 60 பாகை தள்ளி நிறுத்துங்கள், எண்ணை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கராஜ்காரரிடம் கேளுங்கள், கண்டுபிடித்ததை அவருக்கும் சொல்லுங்கள். தொழில் இரகசியம் என்று மூடி வைக்க இதில் ஒன்றுமில்லை. நாம் எல்லோரும் செய்தால்தான் ஊருக்குப் பலன்.



உங்கள் தொழிற் சகோதரன்,
சாய்ந்தமருது